குருசடிக் குழியும் நாய்க்காலடி பதிந்த மூடியும்

என் ஆரோக்கியமேரி அக்காவுக்கு,

முதலில் உறுதியான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் பதிவுத் தபாலில் பதில் வந்துவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான் கேட்டிருந்த இரண்டு புகைப்படங்களையும் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலர் கையெழுத்தும் முத்திரையுமாக அனுப்பியிருக்கிறார். ஒன்று, நீ விழுந்த குருசடிக் குழி. இன்னொன்று, காண்ட்ராக்டரின் கல்யாண மண்டபத்துக்கு எதிரே இருக்கும் குழி. இரண்டு குழிகளுக்கும் சிமென்ட் மூடி போட்டு வேலை முடிந்துவிட்டது என்பதற்கான ஆதாரப் படங்கள் அவை. இரண்டு படத்திலும் இருப்பது ஒரே மூடி.

'பாத்தியா, இல்ல யாரும் சொன்னாகளா?' என்று கேட்பாய். நான் எந்தச் செய்தியைக் கொண்டுவந்தாலும் நீ கேட்கும் முதல் கேள்வி அதுதானே. பார்த்தேன் அக்கா. சிமென்ட் காயும் முன்பு ஒரு நாய் அந்த மூடியின் மேல் நடந்து போயிருக்கிறது. இடது ஓரத்தில் இரண்டு காலடி, ஒன்று ஆழமாக, ஒன்று அரைகுறையாக. அதை ஒட்டிய மூலை உடைந்து, உள்கம்பி கொக்கி போல வெளியே வளைந்து நிற்கிறது. குருசடிப் படத்திலும் அந்தக் காலடி, அந்தக் கம்பி. மண்டபத்துப் படத்திலும் அதே காலடி, அதே கம்பி. ஒரே நாய் இரண்டு மூடியில் ஒரே மாதிரி நடந்து, இரண்டும் ஒரே மூலையில் உடைந்தன என்று யாராவது சொல்ல வந்தால் சொல்லட்டும். அவர்களிடமும் நீ கேட்கும் கேள்வியைத்தான் கேட்பேன்.

ஆக, நீ தண்ணீரில் இறங்கிய அன்று அந்தக் குழிக்கு மூடி இல்லை. படம் எடுப்பதற்காக ஒரு மூடியைக் கொண்டுவந்து வைத்து, எடுத்து முடித்ததும் தூக்கிப்போய் மண்டபத்துக்கு எதிரே போட்டிருக்கிறார்கள். எப்போது வைத்தார்கள் என்பதற்கு என்னிடம் கணிப்புதான் இருக்கிறது. குருசடிப் படத்தில் தெருவே மூடிக் கிடக்கிறது. உன் வாழையிலைக் கடை, பால்ச்சாமியின் பஞ்சர் கடை, எதிர்த்த மளிகைக்கடை, எல்லாவற்றுக்கும் ஷட்டர் இறங்கியிருக்கிறது. நல்ல வெயில். நம் தெரு பகல் வெளிச்சத்தில் அப்படிக் கிடப்பது ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை நேரத்தில் மட்டும்தான். பால்ச்சாமி பூசைக்கு வருகிறவன் இல்லை. ஆனால் தெருவே காலியாகும் நேரத்தில் யாருக்குப் பஞ்சர் ஒட்டுவது என்று அவனும் கடையைத் திறப்பதில்லை. நீயும் நானும் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் குழிக்கு மூடி வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள்.

இதைக் கண்ட நிமிடத்திலிருந்து எனக்குள் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அது நல்ல சந்தோஷம் இல்லை. மறைக்காமல் சொல்கிறேன்.

சாலையில் தண்ணீர் நிற்பது நம் ஊருக்குப் புதிதா என்ன? மேகமலைப் பக்கம் மேகம் கறுத்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே கடைக்காரர்கள் சாமானை மேல் தட்டுக்கு ஏற்றுவார்கள். மேலே பெய்த மழை ஓடையில் இறங்கி, சிவந்த தண்ணீராகச் சாலையைக் கடந்து, ஆற்றைப் பார்த்துப் போகும். நாம் பள்ளிக்கூடம் போன நாளில் அது அரைமணி, மிஞ்சினால் ஒரு மணி நேரக் கூத்து. தேனியிலிருந்து வந்த பஸ் அந்தக் கரையில் நிற்கும். கம்பத்திலிருந்து வந்த பஸ் இந்தக் கரையில் நிற்கும். அவசரக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நடப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கண்டக்டர்கள் இருவரும் தண்ணீருக்கு மேலே கத்திப் பேசி, அந்த பஸ்காரர்களை இந்த பஸ்ஸுக்கும் இந்த பஸ்காரர்களை அந்த பஸ்ஸுக்கும் மாற்றிக்கொண்டு, வண்டிகளை வந்த வழியே திருப்பிவிடுவார்கள்.

நீ என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரைக் கடப்பாய். உனக்கே அப்போது பதினொரு வயசு இருக்குமா? என் புத்தகப்பை நனைகிறது என்று நான் அழுதபோது நீ சொன்னது நினைவிருக்கிறதா? "புத்தகம் நனைஞ்சா காய வச்சுக்கிறலாம். நீ நனைஞ்சா ஆத்தா என்னையல்ல வையும். கம்முனு இரு."

தண்ணீர் எவ்வளவு என்பதற்கு நமக்கு ஒரே அளவுகோல் குருசடிதான். சாலை வளைவில் சிலுவையைத் தாங்கி நிற்கும் அந்தச் சின்னக் கோயிலுக்கு அப்போது ஏழு படி. 'ரெண்டாம் படி' என்றால் சைக்கிள் போகலாம். 'மூணாம் படி' என்றால் ஆள் மட்டும் நடக்கலாம். 'நாலாம் படி' என்றால் வீட்டிலேயே இரு. இப்போது வெளியே தெரிவது மூன்று படிதான். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தாரை ஊற்றி ஊற்றிச் சாலையை உயர்த்தினார்கள். நான்கு படி மண்ணுக்குள் போனது. சாலை உயர்ந்ததும் தெரு பள்ளமானது. பிறகு ஓடையை மேடாக்கி அதன் மேல் கல்யாண மண்டபம் வந்தது. ஓடைத் தண்ணீர் போவதற்குச் சாலைக்கு அடியில் ஒரு குழாய் பதித்தார்கள். குழாயின் இந்த முனையில் ஒரு குழி, மண்டபத்துப் பக்கம் ஒரு குழி. சாலை போட்டவர், குழாய் பதித்தவர், மண்டபம் கட்டியவர் மூவரும் ஒரே ஆள், அந்தக் காண்ட்ராக்டர். பெயரை இங்கே எழுதவில்லை. விசாரணை முடியட்டும், எழுதுகிறேன். பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

அரைமணியில் வடிந்த தண்ணீர் அதற்குப் பிறகு பகல் முழுக்க நின்றது. ஒவ்வொரு ஐப்பசிக்கும் நான் பேப்பருக்கு ஒரே செய்தியை எழுதினேன். 'சாலையில் மழைநீர் தேங்கி வாகன ஓட்டிகள் அவதி.' முந்தைய வருசத்துச் செய்தியை எடுத்துக் கிழமையை மாற்றினால் போதும். நான் அப்படியே செய்த வருசங்களும் உண்டு. நீ அதை வாசித்துவிட்டு, "நல்லா இருக்குடா, போன வருசமும் நல்லாத்தேன் இருந்துச்சு" என்றாய்.

அப்புறம் ஒருநாள், மண்டபத்துக்குச் சரளை ஏற்றி வந்த டிப்பர் ஏறி நம் பக்கத்துக் குழியின் மூடி உடைந்தது. "ரெண்டே நாள்ல புதுசு போட்டுருவோம்" என்று காண்ட்ராக்டர் உன் கடை வாசலில் நின்றுதான் சொன்னார். இரண்டு நாள் இரண்டு மாதமானது. வெயிலில் குழி கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் ஏறிவிட்டால் சாலை எது, குழி எது என்று யாருக்குத் தெரியும்?

நீ யாரிடமும் மனு கொடுக்கவில்லை. பழத்தார் வெட்டிய வாழை ஒன்றைத் தோட்டத்திலிருந்து இலைக்கட்டோடு சேர்த்து ஆட்டோவில் ஏற்றி வந்து, இலை கொண்டையோடு குழிக்குள் நிறுத்தி, சுற்றிலும் கல் அடைத்து, உன் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டிவிட்டாய். வாடினால் சனிக்கிழமை புதுசு. முதல் வாழையை நீ நட்டபோது பால்ச்சாமி பஞ்சர் ஒட்டுவதை விட்டுவிட்டு வந்து நின்றான்.

"யக்கா, வாசல்ல வாழை கட்டிட்டீக. யாருக்குக் கல்யாணம்?"

"உனக்குத்தேன்டா. பொண்ணு உள்ள இருக்கு, இறங்கிப் பாரு."

அடுத்த மழைக்கே அது வேலை செய்தது. குருசடியில் வெளியே தெரியும் இரண்டாம் படி வரை தண்ணீர். நடுவில் பச்சை இலை மட்டும் ஆடிக்கொண்டு நின்றது. கேரளத்து ஏலத்தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்களை ஏற்றி வந்த ஜீப்காரர்கள் அதைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். "மேரி வாழைக்கு வலப்பக்கமா ஒடி" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஊரில் ஒரு வழிகாட்டிப் பலகைக்கு உன் பெயர் வைத்தது போல ஆகிவிட்டது.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன்.

நான் அந்த வாழையைப் படம் எடுத்துச் செய்தி அனுப்பினேன். 'சாலைக் குழியில் வாழை நட்டு நூதனப் போராட்டம்.' இரண்டு பத்தி அகலம், படத்தோடு. உள்ளே, 'பொதுமக்கள் திரண்டு கண்டனக் கோஷமிட்டனர்' என்று ஒரு வரி. யார் திரண்டார்கள் அக்கா? நீ இருந்தாய். பால்ச்சாமி இருந்தான். ஒரு ஆடு நின்று இலையைக் கடித்துக்கொண்டிருந்தது. கோஷம் போட்டது யார், அந்த ஆடா? இருபத்தெட்டு வருசமாக எந்த ஊரில் எவர் குழியில் வாழை நட்டாலும், சேற்றில் நாற்று நட்டாலும் அந்த வரி என் கையில் தானாக வரும். அன்றும் வந்தது.

மறுநாள் நீ பேப்பரை என் முன்னால் விரித்தாய். "ஏலே, நான் எப்படா போராடுனேன்? ஆளு விழுந்துறக் கூடாதுன்னுல்ல வச்சேன்?"

"போராட்டம்னாத்தேன் பேப்பர்ல இடம் கிடைக்கும் அக்கா. ஒரு வாரத்துல மூடி வந்துரும் பாரு."

"மூடி வந்தாச் சரி. ஆனா நான் சத்தம் போட்டதா எழுதியிருக்க. போடலையேடா."

நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நானும் சிரித்தேன்.

மூடி வரவில்லை. நகராட்சி மேற்பார்வையாளர் வந்தார், இரண்டு ஆட்களோடு. வாழையை வேரோடு பிடுங்குவது போலப் பிடுங்கிக் குப்பை வண்டியில் போட்டார்கள். உன்னை அலுவலகத்துக்கு வரச்சொல்லி, 'பொது இடத்தில் இனி இதுபோன்ற போராட்டம் செய்ய மாட்டேன், வாழை நட மாட்டேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். நான் அன்று போடியில் ஒரு விவசாயிகள் கூட்டத்தில் இருந்தேன். நீ எனக்குப் போன்கூடச் செய்யவில்லை. சாயங்காலம் மச்சான் சொல்லித்தான் தெரியும். "ஒங்க அக்கா கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டா மாப்ள. சண்டை எதுக்குங்கிறா" என்றார். எழுதிக் கொடுத்த சொல்லை மீறுகிற வழக்கம் உனக்குக் கிடையாது. அவர்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன?

பதினைந்து நாள் கழித்து, மூன்று மணிக்கு, மலைப்பக்கம் இருட்டியது. நான்கு மணிக்குத் தண்ணீர் சாலைக்கு வந்தது. அப்போது நான் அங்கே இல்லை. இனி நான் சொல்வதெல்லாம் பால்ச்சாமி சொன்னது. மூன்று தடவை தனித்தனியாகக் கேட்டேன். மூன்று தடவையும் ஒன்றுபோலவே சொன்னான்.

கேரளாவிலிருந்து திரும்பிய ஜீப் ஒன்று தண்ணீரில் அணைந்துவிட்டது. பெண்கள் தூக்குச்சட்டியும் பையுமாக இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். நீ கடையிலிருந்து, "அங்கன வராதீக ஆத்தா! குழி கெடக்கு, குழி!" என்று கத்தினாய். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நீ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாய்.

"யக்கா, வேணாம். தார் வெட்டுன வாழை ரெண்டு அந்தா கெடக்குல்ல, அதக் கொண்டாந்து நிறுத்துறேன்" என்றான் பால்ச்சாமி.

"வாழை வைக்க மாட்டேன்னுதேன்டா எழுதி வாங்கிருக்காக. நான் நிக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கலையே."

அது நீ சொன்ன கடைசிப் பேச்சு இல்லை. அதற்குப் பிறகு அரைமணிக்கு மேல் நின்றிருக்கிறாய். குழிக்கு முன்னால், தண்ணீர் முழங்காலுக்கு மேல் அடிக்க, கையை விரித்துக்கொண்டு. ஜீப்பில் வந்த பெண்கள் எல்லோரையும் இந்தப் பக்கமாகக் கடத்திவிட்டாய். கடைசியாக வந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணிடம், "மெதுவா வா தாயி, நான் நிக்கிறேன்ல" என்று சொன்னாயாம். அவள் கரை ஏறினாள். அடுத்து ஒரு பஸ், நிற்காமல், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. அலை உன் இடுப்பில் அடித்தது. நீ ஒரு எட்டு பின்னால் வைத்தாய். பின்னால் குழி இருந்தது.

மறுநாள் காலையில், குழாயின் அந்த முனையில், மண்டபத்துச் சுற்றுச்சுவர் ஓரத்தில் உன்னை எடுத்தோம். மச்சான் உன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

அடக்கத்துக்கு முன்பே ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டு மேலே ஓரமாக உன் படம், கீழே கைகூப்பியபடி காண்ட்ராக்டர். உன் முகத்தைப் போல இரண்டு மடங்கு அவர் முகம். குருசடிக்குப் பக்கத்திலேயே கட்டினார்கள். பால்ச்சாமி காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஏணி போட்டு அதை இறக்கினான். உன் படத்தை மட்டும் வெட்டி மச்சானிடம் கொடுத்தான். மீதியை டயர் கழற்றும் இடத்தில் தரையில் விரித்திருக்கிறான். கிரீஸ் கையைத் துடைப்பதும் அதில்தான். காண்ட்ராக்டரின் மூக்குக்கு மேலே ஜாக்கி வைக்கும் இடம். நான் போகும்போதெல்லாம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வருகிறேன்.

நம் பங்குச் சாமியார் இந்தக் கல்லறைத் திருநாளன்று என்னைத் தனியாக அழைத்து, "மன்னிக்கப் பழகணும் தம்பி. வன்மம் உங்களைத்தான் தின்னும்" என்றார். நல்ல மனிதர். "சரிங்க சாமி" என்றேன். உன் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி முடித்து நேரே தபால் அலுவலகத்துக்குப் போய்த் தகவல் உரிமை மனுவின் மேல்முறையீட்டை அனுப்பினேன். முதல் மனுவுக்கு 'கோப்பு கிடைக்கவில்லை' என்றல்லவா எழுதியிருந்தார்கள்? தின்னட்டும் அக்கா. எனக்கு ஐம்பத்தாறு வயசு ஆகிறது. தின்பதற்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

உன் சாவு அவர்கள் காகிதத்தில் எப்படி இருக்கிறது தெரியுமா? மச்சான் கொடுத்த புகாருக்கு நகராட்சி எழுதிய பதில் மனு இது: குழிக்கு மூடி போடப்பட்டிருந்தது. இறந்தவர் ஏற்கெனவே அதே குழியில் வாழை நட்டுப் போராட்டம் நடத்தியவர். அன்றும் அவரே மூடியை அகற்றியிருக்கக்கூடும். ஆதாரம், இணைப்பு ஒன்று: நாளிதழ்ச் செய்தி. இணைப்பாக இருப்பது என் செய்தி. என் படம். என் கோஷம்.

நான் எழுதிய இரண்டு பத்தியை வைத்து உன்னையே உன் சாவுக்குக் காரணமாக்கியிருக்கிறார்கள். கோட்டாட்சியர் இதை ஏற்றுக்கொண்டு அறிக்கை எழுதிவிட்டால் கோப்பு மூடப்படும். அத்தனை பேரைக் கரையேற்றிவிட்டு விழுந்தவள் என்று எங்கும் இருக்காது. விளம்பரத்துக்காகக் குழியைத் திறந்து வைத்து அதில் தானே விழுந்தவள் என்றுதான் இருக்கும்.

சனிக்கிழமை காலையில் அந்த மூடியை நேரில் பார்க்கப் போனேன். பால்ச்சாமியைச் சாட்சிக்குக் கூட்டிப்போனேன். மண்டபத்துக்கு எதிரே, நாய்க்காலடியும் வளைந்த கம்பியுமாக அப்படியே கிடந்தது. நான்கு பக்கமும் நின்று படம் எடுத்தேன். பால்ச்சாமி குனிந்து காலடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "நாட்டு நாய்தேன்ணே. சாட்சிக்கு நல்ல சாதி" என்றான்.

அந்த நேரத்தில் மண்டபத்துக்குள்ளிருந்து காண்ட்ராக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை. கையில் டீ.

"என்ன நிருபரே, மூடியவெல்லாம் படம் எடுக்குறீக? செய்திப் பஞ்சமா?"

"ஆமா. இந்த மூடி ரெண்டு எடத்துல வேலை பாக்குதாம். அதேன் பாராட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவர் முகம் மாறவில்லை. அதில் அவர் தேர்ந்தவர். டீயை ஒரு வாய் குடித்தார்.

"ஒங்க அக்கா போனது எங்களுக்கும் வருத்தம்தேன். நல்ல மனுசி. என் மகன் கல்யாணத்துக்கு அவுக கடை இலதேன். ஆனா போராட்டம்னு எழுதுனது நாங்க இல்லையே? நீங்கதேன. ஒங்க பேர் போட்டு. புதன்கிழமை அதத்தேன் காட்டப் போறோம். அது பொய்யின்னு சொல்லுவீகளா? சொன்னா, இத்தனை வருசம் நீங்க எழுதுனதெல்லாம் என்னன்னு நாங்க கேப்போம்ல?"

பால்ச்சாமிதான் பேசினான். "டீ ஆறுது மொதலாளி. குடிச்சிட்டு உள்ள போங்க."

அவர் சொன்னது மிரட்டல்தான். ஆனால் அதில் பொய் இல்லை. அன்று பகல் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மதுரைப் பதிப்பின் பொறுப்பாசிரியருக்குப் போன் செய்து, அந்தச் செய்தி தவறு என்று விசாரணையில் எழுத்தில் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் என்னைவிட இளையவர், தன்மையானவர். "சார், பழைய செய்தி. யாரும் கேக்காத வரைக்கும் நாமளா எதுக்குச் சொல்லணும்? எழுத்துல கொடுத்தா மேல இருக்கிறவங்க உங்க நிருபர் அட்டையத் திரும்பக் கேப்பாங்க. என்னால தடுக்க முடியாது" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அட்டையைத் தேடி எடுத்து மேசை மேல் வைத்துவிட்டேன். கேட்டால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வாக்குமூலத்தை எழுதி முடித்தேன். ஒரே பக்கம். போராட்டம் நடக்கவில்லை. யாரும் திரளவில்லை. யாரும் கோஷமிடவில்லை. குழி திறந்தே கிடந்தது. மூடியை யாரும் அகற்றவில்லை, அகற்றுவதற்கு மூடி இருக்கவில்லை. வாழை ஓர் எச்சரிக்கை. அதைப் போராட்டம் என்று எழுதியது என் தவறு. உன்னிடமிருந்து அவர்கள் எழுதி வாங்கியதற்குப் பதிலாக என்னிடமிருந்து நானே எழுதி வாங்கிக்கொண்டது இது. கீழே கையெழுத்து. அத்தோடு இரண்டு படங்களும், நான் எடுத்த நான்கு படங்களும்.

இன்னொன்றும் கேட்டிருக்கிறேன். அந்த மூடியையே சான்றுப் பொருளாக எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும் என்று தனியாக ஒரு மனு. எடுத்தால் மண்டபத்து வாசலில் குழி திறந்து கிடக்கும். கார்த்திகை முகூர்த்தங்கள் வரிசையாக இருக்கின்றன. மலையில் மேகம் நிற்கிறது. அந்த மனுவை எழுதும்போது என் மனதில் ஒரு படம் ஓடியது. வெள்ளைச் சட்டை, கையில் டீ, முழங்கால் தண்ணீர், ஒரு எட்டு பின்னால். ஓடியது என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

ஆனால் காண்ட்ராக்டர் காரில் வருகிறவர். மண்டபத்துக்கு நடந்து வருகிறவர்கள் யார்? மொய்க்கவரும் பட்டுச்சேலையுமாக பஸ் விட்டு இறங்குகிறவர்கள். ஜீப்பில் கேரளா போய்வந்து, குளித்து, அவசர அவசரமாகப் பூ வைத்துக்கொண்டு வருகிற பெண்கள். நீ கரையேற்றிவிட்டவர்களே அதில் இருக்கலாம்.

நீ இருந்தால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

இங்கே நிலவரம் இதுதான். குருசடிக் குழிக்கு இன்னும் மூடி இல்லை. நீ போன பிறகு ஓர் இரும்புத் தடுப்பு வைத்தார்கள். அதை ஒரு திருவிழாவுக்கு எடுத்துப் போனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. சனிக்கிழமைதோறும் மச்சான் வாழை நடுகிறார். அவருக்குக் கல் அடைக்கத் தெரியவில்லை, வாழை சாய்ந்து சாய்ந்து நிற்கிறது. பால்ச்சாமி, "மச்சானோட வாழை தண்ணியப் போட்டுட்டு நிக்குது" என்கிறான். மச்சான் உன் சாவுக்குப் பிறகு முதல்முறையாக அதற்குத்தான் சிரித்தார். அந்த வாழையைப் பிடுங்க இதுவரை யாரும் வரவில்லை.

நிலுவையில் இருப்பவை: கோட்டாட்சியர் விசாரணை, வரும் புதன்கிழமை காலை பதினொரு மணி. நகராட்சிப் பொறியாளரும் மேற்பார்வையாளரும் காண்ட்ராக்டரும் நேரில் வர வேண்டும் என்று உத்தரவு. மூடியைக் கைப்பற்றக் கேட்ட மனுவின் மீதும் அன்றே முடிவு தெரியும் என்று அலுவலக எழுத்தர் சொன்னார். இது வாய்மொழித் தகவல், எழுத்தில் இல்லை.

மூடியை எடுத்தால், அதே சாயங்காலம் மண்டபத்துக் குழியில் ஒரு வாழை நிற்கும். நானே நடுவேன், கல் அடைத்து, உன் சிவப்புச் சேலையின் மீதியைக் கட்டி. அது அந்த வழியாக நடந்து வருகிறவர்களுக்கு. காண்ட்ராக்டருக்கு நான் எந்த வாழையும் வைக்க மாட்டேன். அவர் விழ வேண்டிய குழி கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு கல்கூட நான் அடைக்கப் போவதில்லை.

நீ நனையாமல் கரையேற்றிய

உன் தம்பி